கேட்பவர் கடமை: பயனர் ஆய்வும் கேள்வித்தாளும்



செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசினால் அரங்கு நிறையும் என்று நண்பர்கள் சொன்னார்கள். நான் கேள்வித்தாளைப் பற்றிப் பேசுவதென்று முடிவுசெய்தேன். காரணம் இருக்கிறது. கைப்பேசியில் பணம் அனுப்பினால் நட்சத்திரம் போடச் சொல்கிறார்கள். சாப்பாடு வந்து சேர்ந்தால் கேட்கிறார்கள். ஆட்டோவை விட்டு இறங்கினால் கேட்கிறார்கள். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்து படுத்தால் "எங்கள் சேவை எப்படி இருந்தது" என்று குறுஞ்செய்தி வருகிறது. இவ்வளவு கேள்விகள் இதற்கு முன் எந்தத் தலைமுறையிடமும் கேட்கப்பட்டதில்லை. விடைகளை வைத்துச் செயலிகள் மாற்றப்படுகின்றன, ஊழியர்களின் ஊக்கத்தொகை முடிவாகிறது, சில இடங்களில் ஒருவருடைய வேலையே அதைப் பொறுத்திருக்கிறது. ஆனால் கேள்வியை எழுதுகிறவர் அதற்கு ஒதுக்கும் நேரம் பல நிறுவனங்களில் அரை நாள்கூட இல்லை. திட்டம் முடிகிற கட்டத்தில், "ஒரு சர்வே போட்டுவிடலாம்" என்று யாரோ சொல்ல, இலவசப் படிவம் ஒன்றில் 20 கேள்விகள் ஏறிவிடுகின்றன.

நான் சொல்ல வந்தது இதுதான். சர்வேயில் தவறான விடை வந்தால், பெரும்பாலும் பிழை கேட்டவருடையது. பதில் சொல்கிறவர் தம் நேரத்தையும் நினைவையும் நமக்கு இனாமாகத் தருகிறார். மெனக்கெட வேண்டியவர் கேட்பவர். இந்தக் கடமையை எப்படிச் செய்வது என்பதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

1936ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தேர்தலிலிருந்து தொடங்குகிறேன். புள்ளியியல் மாணவர்கள் இதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அதன் பின்பாதியைப் பலர் சொல்வதில்லை என்பதால் மறுபடி எடுக்கிறேன். 'லிட்டரரி டைஜஸ்ட்' என்ற வார இதழ் ஏறத்தாழ ஒரு கோடிப் பேருக்கு அஞ்சலில் மாதிரி வாக்குச்சீட்டு அனுப்பியது. 23 லட்சத்துக்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. அவற்றை எண்ணிப் பார்த்து, குடியரசுக் கட்சியின் ஆல்ஃப் லாண்டன் 57 சதவீதத்துடன் வெல்வார் என்று இதழ் அறிவித்தது. தேர்தலில் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் சுமார் 61 சதவீத வாக்குப் பெற்று, 48 மாநிலங்களில் 46ஐ வென்றார். அதற்கு முன் ஐந்து தேர்தல்களில் வெற்றியாளரைச் சரியாகச் சொல்லியிருந்த அந்த இதழ் 1938இல் நின்றே போனது. அதே 1936இல் ஜார்ஜ் கேலப், அதைவிட மிகச் சிறிய மாதிரியை வைத்துக்கொண்டு, ரூஸ்வெல்ட்தான் வெல்வார் என்று சொல்லியிருந்தார்.

பாடப்புத்தகங்கள் சொல்லும் காரணம், இதழ் முகவரிகளை எடுத்த இடம். தொலைபேசிப் பட்டியலும் கார் பதிவேடும் பெருமந்த காலத்து அமெரிக்காவில் வசதியுள்ளவர்களின் பட்டியல். அது உண்மைதான். ஆனால் பெவரில் ஸ்குவையர் என்ற அரசியல் அறிஞர், 1937இல் கேலப் நிறுவனம் எடுத்த ஒரு கணக்கெடுப்பைத் தேடி எடுத்து ஆராய்ந்து 1988இல் ஒரு கட்டுரை எழுதினார். டைஜஸ்டின் சீட்டு உங்களுக்கு வந்ததா, திருப்பி அனுப்பினீர்களா என்று அதில் கேட்டிருந்தார்கள். சீட்டு கிடைத்த எல்லாரும் பதில் போட்டிருந்தால், ரூஸ்வெல்ட் வெல்வார் என்பதையாவது இதழ் சரியாகச் சொல்லியிருக்கும் என்று ஸ்குவையர் கண்டார். ஆக, பட்டியல் கோணல் என்பது பாதிக் கதை. பதில் போட்டவர்களும் போடாதவர்களும் வெவ்வேறு மனநிலை கொண்டவர்கள் என்பது மறுபாதி.

பயனர் ஆய்வு செய்கிறவர்களுக்கு அந்த மறுபாதிதான் முக்கியம். பேருந்து டிக்கெட் பதிவு செய்யும் ஒரு செயலியை எடுத்துக்கொள்வோம். பணம் கட்டி முடித்து, "பயணச்சீட்டு உறுதியானது" என்று வரும் திரையில் கேள்வி எழுகிறது: "எங்கள் செயலி எப்படி?" நட்சத்திரங்கள் நாலரைக்கு மேல் வந்து குவிகின்றன. ஒரு லட்சம் பேர் பதில் சொன்னதாக அறிக்கையில் எழுதி மேலிடத்துக்கு அனுப்பியும் விடுகிறார்கள். ஓடிபி வராமல் திணறியவர், இருக்கை வரைபடம் திறக்காமல் திரும்பிப் போனவர், பணம் பிடித்துக்கொண்டும் சீட்டு கிடைக்காமல் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் போட்டுக்கொண்டிருப்பவர், இவர்களில் ஒருவர்கூட அந்தத் திரைக்கு வந்து சேரவில்லை. யாருக்காக ஆய்வு தேவையோ அவர்கள் முழுக்க வெளியே நிற்கிறார்கள். இங்கே ஒரு லட்சம் என்ற எண்ணிக்கைக்கு எந்த மதிப்பும் கிடையாது. உண்மையான குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த 400 பேர் பதில் சொன்னால், 95 சதவீத நம்பகத்துடன், ஏறக்குறைய 5 புள்ளிக்குள் பிழை நிற்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லலாம். வெற்றித் திரையில் திரட்டிய லட்சத்துக்கு அப்படி எந்தக் கணக்கும் போட முடியாது. எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்று கேட்பதற்கு முன், யார் சொல்லவில்லை என்று கேளுங்கள். பாதியில் விட்டுப் போனவர்களின் பட்டியல் எந்த நிறுவனத்திலும் இருக்கும். அதிலிருந்து குலுக்கி 50 பேருக்குப் போன் போட்டுப் பேசுவது, லட்சம் நட்சத்திரத்தைவிட அதிகம் சொல்லித்தரும்.

இனி கேள்வியின் சொற்களுக்கு வருவோம். டொனால்டு ரக் 1941இல் வெளியிட்ட ஒரு சோதனை இந்தத் துறையின் பாலபாடம். அமெரிக்க மக்களில் ஒரு பகுதியினரிடம், மக்களாட்சிக்கு எதிரான பேச்சுகளைப் பொது இடங்களில் அனுமதிக்கலாமா என்று கேட்டார்கள். இன்னொரு பகுதியினரிடம், அத்தகைய பேச்சுகளைத் தடைசெய்ய வேண்டுமா என்று கேட்டார்கள். தர்க்கப்படி இரண்டும் ஒரே கேள்வி. ஆனால் கருத்துச் சொன்னவர்களில் 75 சதவீதத்தினர் அனுமதிக்கக் கூடாது என்றார்கள், தடைசெய்ய வேண்டும் என்றவர்கள் 54 சதவீதம்தான். 21 புள்ளி வித்தியாசம் வந்தது மக்களின் கொள்கையால் இல்லை, கேள்வியில் இருந்த ஒரு வினைச்சொல்லால்.

சொல் மட்டும்தான் இப்படிச் செய்யும் என்று நினைக்க வேண்டாம். கேள்விக்குக் கீழே நாம் தரும் விடைக் கட்டங்களும் பேசுகின்றன. நார்பர்ட் ஷ்வார்ஸும் அவர் சகாக்களும் ஜெர்மனியில் செய்து 1985இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் எவ்வளவு நேரம் தொலைக்காட்சி பார்க்கிறீர்கள் என்பதே கேள்வி. ஒரு குழுவுக்குத் தந்த கட்டங்கள் அரை மணி நேரத்தில் தொடங்கி, 'இரண்டரை மணிக்கு மேல்' என்பதில் முடிந்தன. மற்றொரு குழுவுக்கு 'இரண்டரை மணி வரை' என்பதே முதல் கட்டம், கடைசிக் கட்டம் நாலரை மணிக்கு மேல். இரண்டரை மணிக்கு மேல் பார்ப்பதாகச் சொன்னவர்கள் முதல் குழுவில் 16.2 சதவீதம், இரண்டாவதில் 37.5 சதவீதம். பதில் சொல்கிறவர் கட்டங்களைப் பார்த்ததும், நடுவில் இருப்பதுதான் ஊரில் எல்லாரும் செய்வது போலும் என்று எடுத்துக்கொள்கிறார். தம்மை அந்த நடுவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிறார். இதில் பொய் எதுவும் இல்லை. எத்தனை மணி நேரம் என்று யாரும் துல்லியமாக எண்ணி வைத்திருப்பதில்லை, ஏதாவது ஒரு பிடி வேண்டியிருக்கிறது, அந்தப் பிடியை நாம் கொடுத்துவிடுகிறோம். "எங்கள் செயலியை வாரத்தில் எத்தனை முறை திறக்கிறீர்கள்" என்று கட்டம் போட்டுக் கேட்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். அந்த எண் சர்வரில் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறது. இயந்திரத்திடம் இருக்கும் விடையை மனிதரிடம் கேட்டு அவர் நேரத்தை வீணாக்கக் கூடாது.

நினைவைப் பற்றிப் பேசும்போது நம் நாட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். கேள்வித்தாளின் வடிவமைப்பு ஒரு தேசத்தின் கொள்கை விவாதத்தையே எப்படிக் குழப்பும் என்பதற்கு உலகப் பாடநூல்களில் இடம்பெறத் தக்க உதாரணம் அது.

பேராசிரியர் மகலனோபிஸ் முன்னின்று உருவாக்கிய தேசிய மாதிரி ஆய்வு 1950இல் தொடங்கியது. வீடு வீடாகப் போய், அரிசி, பருப்பு, எண்ணெய் என்று ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு செலவழித்தீர்கள் என்று கேட்கும் ஆய்வு. எத்தனை நாளுக்கான செலவைக் கேட்பது? ஒரு மாதமா, ஒரு வாரமா? ஆரம்ப ஆண்டுகளிலேயே இதைச் சோதித்துப் பார்த்தார்கள் என்பது அந்தத் தலைமுறையின் பெருமை. நெடுங்காலம் 30 நாள் கணக்கே வழக்கத்தில் இருந்தது. 1990களின் பிற்பகுதியில், சிறிய சுற்றுகளில், பாதி வீடுகளில் பழைய முறையிலும் பாதி வீடுகளில் உணவுக்கு 7 நாள் கணக்கிலும் கேட்டார்கள். 7 நாள் கணக்கில் சாப்பாட்டுச் செலவு கணிசமாகக் கூடியது. புதிய முறையை அப்படியே ஏற்றால் நாட்டின் வறுமை விகிதம் ஏறத்தாழப் பாதியாகிவிடும். யாருடைய தட்டிலும் ஒரு பிடி சோறு கூடவில்லை, கேள்வியில் இருந்த நாட்களின் எண்ணிக்கை மட்டும் மாறியிருந்தது.

பிறகு நடந்ததுதான் விசேஷம். 1999-2000இல் நடந்த 55ஆம் சுற்றில், இரண்டு முறைக்கும் இடம் கொடுப்பதுபோல, ஒரே வீட்டில் ஒரே பொருளுக்கு 7 நாள் கணக்கையும் 30 நாள் கணக்கையும் பக்கத்துப் பக்கத்துப் பத்தியில் கேட்டார்கள். விளைவு என்ன? தனித்தனியே கேட்டபோது விலகி நின்ற இரு விடைகளும் இப்போது நெருங்கி வந்துவிட்டன. ஒரு பத்தியில் சொன்ன எண்ணுக்குப் பொருந்தும்படி அடுத்த பத்தியின் எண் அமைந்துவிட்டது. பதில் சொன்னவர் மனத்தில் பெருக்கியிருக்கலாம், கணக்கெடுக்க வந்தவரே பெருக்கிப் பார்த்து "சரிதானே" என்று கேட்டிருக்கலாம். 1993-94இல் 36 சதவீதமாக இருந்த வறுமை 26.1 சதவீதமாகக் குறைந்தது என்று அதிகாரபூர்வமாக அறிவித்தார்கள். அந்த இறக்கத்தில் எவ்வளவு உண்மை, எவ்வளவு கேள்வித்தாளின் வேலை என்று பொருளியலாளர்கள் ஆண்டுக்கணக்கில் விவாதித்தார்கள். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஆங்கஸ் டீட்டனும் வலேரி கோசலும் தொகுத்து 2005இல் ஒரு முழு நூலே வந்தது. கோடிக்கணக்கான மக்களைப் பற்றிய ஒரு எண்ணின் மேல் இத்தனை விவாதம் நடந்ததற்குக் காரணம், ஒரு தாளில் இரண்டு பத்திகளைப் பக்கத்தில் வைத்தது.

நீங்கள் செயலிக்காகக் கேள்வி எழுதும்போது இந்தப் பாடம் அப்படியே பொருந்தும். நீண்ட காலத்தைப் பற்றிக் கேட்டால் மனிதர் எண்ணுவதில்லை, உத்தேசமாகச் சொல்வார். குறுகிய காலத்தைப் பற்றிக் கேட்டால், போன மாதம் நடந்ததையும் இந்த வாரத்துக்குள் இழுத்துக்கொண்டு வரலாம். என் அனுபவத்தில், "கடைசியாக எப்போது?", "அன்றைக்கு என்ன நடந்தது?" என்று ஒரு குறிப்பிட்ட நிகழ்ச்சியைப் பற்றிக் கேட்பதுதான் பாதுகாப்பானது. "வழக்கமாக என்ன செய்வீர்கள்" என்ற கேள்விக்கு, மனிதர் தாம் செய்ய நினைப்பதைச் சொல்கிறார். கடைசி முறையைப் பற்றிக் கேட்டால் செய்ததைச் சொல்கிறார்.

இப்போது ஒரு கேள்வித்தாளைக் கிட்டத்தில் வைத்துப் பார்ப்போம். திருப்பூருக்குப் பக்கத்தில், சமையல் எரிவாயு சிலிண்டர் பதிவுசெய்யும் செயலியைப் பற்றி மாணவர்கள் ஒரு கேள்வித்தாள் தயாரித்திருந்தார்கள். அனுப்புவதற்கு முன் சில வீடுகளில் உட்கார்ந்து, பதில் சொல்கிறவர் அதை எப்படிப் புரிந்துகொள்கிறார் என்று பார்க்கச் சொல்லியிருந்தேன். எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவின் வீட்டுக்கு நானும் போனேன்.

"கடந்த 6 மாதங்களில் செயலி மூலம் எத்தனை முறை சிலிண்டர் பதிவு செய்தீர்கள்?" என்பது முதல் கேள்வி. அந்த அம்மா யோசிக்காமல் 6 என்று எழுதினார். "எப்படிக் கணக்குப் போட்டீங்கம்மா?" என்று மாணவி கேட்டாள். "ஆறு மாசம்னு போட்டிருக்கே கண்ணு, மாசம் ஒண்ணுன்னு போட்டேன்." பிறகு அவரே, "நான் ஒருத்திதானே, ஒரு சிலிண்டர் ரெண்டு மாசத்துக்கு வரும். அப்ப மூணுதான் இருக்கும்" என்றார். "செயலியில நீங்களே போடுவீங்களா?" என்றதற்குச் சிரித்தார். "அதெல்லாம் கோயமுத்தூர்ல இருக்கற பேரன் போட்டுருவான். எனக்கு மெசேஜு வரும். நம்பர் என்னோடதுதான்."

அடுத்த கேள்வி: "செயலி உங்களுக்கு எந்த அளவு திருப்தி அளிக்கிறது?" 'மிகவும் திருப்தி' என்பதில் டிக் செய்தார். இந்தக் கேள்வியை உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள் என்று மாணவி கேட்டாள். "சிலிண்டர் ஒழுங்கா வருதான்னு கேக்கறீங்க. வருது. போடற பையன் நல்ல பையன், மாடிப்படி ஏத்திக் கொண்டாந்து வெச்சுட்டுப் போவான்." சற்று நிறுத்தி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "குறைன்னு எழுதுனா அவன் பொழப்புல கை வெச்ச மாதிரி ஆயிரும் கண்ணு."

இந்தத் தாள் அப்படியே ஆயிரம் வீட்டுக்குப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? செயலியைத் தொட்டே பார்க்காத ஒருவர், 6 முறை பயன்படுத்திய, மிகவும் திருப்தியான பயனராகக் கணக்கில் ஏறியிருப்பார். அவர் எழுதிய ஒவ்வொன்றுக்கும் அவரளவில் நல்ல நியாயம் இருக்கிறது. ரோஜர் டூராங்கோ என்ற உளவியலாளர், கேள்விக்குப் பதில் சொல்வதை நான்கு வேலைகளாகப் பிரித்துக் காட்டினார்: கேள்வியைப் புரிந்துகொள்வது, நினைவிலிருந்து எடுப்பது, எடுத்ததை எடைபோட்டு ஒரு முடிவுக்கு வருவது, அந்த முடிவைக் கொடுத்திருக்கும் கட்டத்தில் பொருத்திச் சொல்வது. அந்தச் சின்ன வரவேற்பறையில் நான்கும் நான்கு விதமாக வழுக்கின. செயலியைப் பற்றிய கேள்வி சிலிண்டரைப் பற்றியதாகப் புரிந்துகொள்ளப்பட்டது. நினைவுக்குப் பதிலாகக் கேள்வியில் இருந்த 6 என்ற எண்ணே விடையாகியது. திருப்தியை எடைபோட்டது ஒரு இளைஞனின் பிழைப்பை முன்வைத்து. பேரன் பதிவு செய்கிறான் என்று சொல்ல ஒரு கட்டமே அங்கே இல்லை.

நம் வீடுகளில் ஒரு கைப்பேசி பலருடையது, ஒரு கணக்கைப் பலர் இயக்குகிறார்கள். ரீசார்ஜ் செய்வது மகன், மின்கட்டணம் கட்டுவது மருமகள், ரயில் டிக்கெட் போட்டுத் தருவது தெருமுனைக் கடைக்காரர். 'நீங்கள்' என்று கேள்வியில் எழுதும்போது எதிரே ஒருவர் இருக்கிறார் என்ற கற்பனையில் எழுதுகிறோம். மாணவர்கள் தாளை மாற்றினார்கள். "கடைசியாக சிலிண்டர் பதிவு செய்தது யார்?" என்பது முதல் கேள்வியானது: நான், வீட்டில் இருப்பவர், வெளியூரில் இருக்கும் உறவினர், வேறொருவர். அடுத்து, எப்படிப் பதிவு செய்தார்கள்: செயலியிலா, மிஸ்டு காலிலா, நேரில் போயா. பதிவு செய்தவர் அவரே என்றால் மட்டும், அன்றைக்கு எங்காவது சிக்கியதா, எந்த இடத்தில் என்று கேட்டார்கள். சிலிண்டர் கொண்டுவந்து தருகிறவரைப் பற்றிய கேள்வியைத் தனியே பிரித்து, உங்கள் பதில் எந்த ஊழியரின் பெயரோடும் சேர்க்கப்படாது என்று அதன் மேலேயே எழுதினார்கள். எழுதியதோடு நிற்காமல், அப்படிச் சேராதபடி தரவையும் அமைத்தார்கள்.

இந்தச் சோதனைக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரும், அமெரிக்கச் சுகாதாரப் புள்ளிவிவர மையம் 1980களில் அமைத்த ஆய்வகத்திலிருந்து தொடங்கும் ஒரு வரலாறும், கோர்டன் வில்லிஸ் 2005இல் எழுதிய விரிவான கையேடும் உண்டு. ஆனால் அடிப்படை வேலை, ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் யோசிப்பதைக் கேட்பது. அதற்குச் செலவு கிடையாது. நான்கைந்து வீடு போனாலே பெரிய ஓட்டைகள் தெரிந்துவிடும்.

'ஏன்' என்ற கேள்விக்கு வருகிறேன். வடிவமைப்பாளர்களுக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ரிச்சர்டு நிஸ்பெட்டும் திமதி வில்சனும் 1977இல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. நுகர்வோர் ஆய்வு என்று சொல்லி, கடைக்கு வந்தவர்கள் முன் நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, எது தரமானது என்று கேட்டார்கள். வலது கோடியில் இருந்ததை 40 சதவீதம் பேர் தேர்ந்தெடுத்தார்கள், இடது கோடியில் இருந்ததை 12 சதவீதம் பேர். ஏன் அதை எடுத்தீர்கள் என்றால் காரணம் சொன்னார்கள். நான்கும் ஒரே ரகம், ஒரே காலுறை. வைத்திருந்த இடம்தான் காரணமோ என்று கேட்டபோது கிட்டத்தட்ட எல்லாரும் மறுத்தார்கள். நாம் ஒன்றைச் செய்வதற்கான காரணம் நமக்கே பல நேரம் தெரிவதில்லை, ஆனால் கேட்டால் ஒரு காரணம் சொல்லிவிடுவோம்.

அதனால் சர்வேயில் 'ஏன்' என்று கேட்டு வரும் பட்டியலை நான் நம்புவதில்லை. 'எதிர்காலத்தில் இந்த வசதி வந்தால் பயன்படுத்துவீர்களா' என்பதை இன்னும் குறைவாகவே நம்புகிறேன். ஆம் என்று சொல்வதற்கு யாருக்கும் எதுவும் செலவாவதில்லை, கேட்கிறவர் முகத்தில் அடித்தாற்போல் இல்லை என்று சொல்ல நம் ஊரில் யாருக்கும் மனம் வருவதில்லை. காரணம் தெரிய வேண்டுமானால் பயனர் செயலியை இயக்கும்போது பக்கத்தில் இருந்து பாருங்கள். எத்தனை பேருக்கு அந்தச் சிக்கல் இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் அதற்குப் பிறகு சர்வே செய்யுங்கள். இந்த வரிசையை மாற்றினால் இரண்டும் வீண்.

அளவுகோல்களைப் பற்றிச் சிறிது. ரென்சிஸ் லைக்கர்ட் 1932இல் தந்த ஐந்து படிநிலை முறை நமக்கெல்லாம் பழக்கமானது. அந்த மரபில், இங்கிலாந்தின் ரெடிங் நகரில் டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் பணிபுரிந்த ஜான் புரூக் 1986இல் உருவாக்கிய பத்து வாக்கியங்களை எஸ்யூஎஸ் என்கிறோம். இன்றும் உலகில் மிக அதிகமாகப் புழங்கும் பயன்பாட்டு அளவுகோல்களில் ஒன்று. எளிமையானது, இலவசம், ஒப்பிடப் பழைய தரவு ஏராளம். நான் அதை மனமாரப் பரிந்துரைப்பேன். இரண்டு எச்சரிக்கைகளோடு. வரும் மதிப்பெண் நூற்றுக்கு இத்தனை என்று இருந்தாலும் அது சதவீதம் அன்று. பல நூறு ஆய்வுகளின் சராசரி 68 அளவில் நிற்கிறது, ஆகவே 60 வாங்கியது முதல் வகுப்பு என்று மேலாளரிடம் சொல்லிவிடாதீர்கள். இரண்டாவது, அதில் ஒற்றைப்படை வாக்கியங்கள் நல்லதைச் சொல்வன, இரட்டைப்படை வாக்கியங்கள் குறையைச் சொல்வன. கணக்கிடும்போது பின்னவற்றைத் திருப்பிப் போட வேண்டும். ஜெஃப் சாரோவும் ஜேம்ஸ் லூயிஸும் 2011இல் ஆராய்ந்தபோது, தாங்கள் பார்த்த தரவுத் தொகுப்புகளில் சுமார் 11 சதவீதத்தில் ஆய்வாளர்களே இதில் தவறியிருந்ததைக் கண்டார்கள். எல்லா வாக்கியங்களையும் நல்லவிதமாக மாற்றி எழுதினாலும் மதிப்பெண் ஏறத்தாழ அப்படியே வருகிறது என்றும் காட்டினார்கள்.

நெட் புரமோட்டர் ஸ்கோர் எனப்படும், "நண்பருக்குப் பரிந்துரைப்பீர்களா" என்ற கேள்வியை 2003இல் ஃபிரெட் ரைக்கெல்ட் முன்வைத்தார். 9, 10 போட்டவர் ஆதரவாளர், 7, 8 போட்டவர் நடுநிலை, 6க்குக் கீழே எல்லாரும், 6 உட்பட, எதிர்ப்பாளர். ஆதரவாளர் சதவீதத்திலிருந்து எதிர்ப்பாளர் சதவீதத்தைக் கழித்தால் மதிப்பெண். நூறு பேரில் 50 பேர் 9ம் 50 பேர் 6ம் போட்டால் விடை பூஜ்யம். நூறு பேரும் 8 போட்டாலும் பூஜ்யம். முதலாவதில் பாதிப் பேருக்கு ஏதோ சிக்கல், இரண்டாவதில் எல்லாரும் நன்றாகவே இருக்கிறார்கள். இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாத ஓர் எண்ணை வைத்து எந்தத் திரையை மாற்றுவது என்று வடிவமைப்பாளர் எப்படி முடிவெடுப்பார்? என் கணிப்பில் அது நிர்வாகக் கூட்டத்துக்கான எண், ஆய்வாளருக்கு உதவாது.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு கேள்வியில் ஒன்றை மட்டும் கேளுங்கள். "வேகமாகவும் எளிதாகவும் இருந்ததா" என்றால், வேகமாக இருந்தது, எளிதாக இல்லை என்பவர் என்ன செய்வார்? கேள்வியில் உங்கள் பொருளைப் புகழாதீர்கள். கைப்பேசித் திரையில் பெரிய கட்ட அட்டவணை வேண்டாம். வலப்பக்கம் நகர்த்திப் படிக்க யாருக்கும் பொறுமையில்லை, ஒரே வரிசையில் டிக் அடித்துக்கொண்டே இறங்கிவிடுவார்கள். 'தெரியாது', 'எனக்குப் பொருந்தாது' என்பவற்றுக்கு இடம் கொடுங்கள். எந்தக் கேள்வியையும் கட்டாயமாக்கும் முன் இருமுறை யோசியுங்கள். கடைசியில் பெயரும் கைப்பேசி எண்ணும் கேட்பது நம்மிடம் தொற்றிக்கொண்ட கெட்ட பழக்கம். எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லித்தான் வாங்க வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே, இதற்கு 'ஆம்' என்று வந்தால் என்ன மாற்றுவோம், 'இல்லை' என்று வந்தால் என்ன மாற்றுவோம் என்று எழுதுங்கள். இரண்டுக்கும் ஒரே விடை என்றால் கேள்வியை அடித்துவிடுங்கள். இருபது கேள்வியில் ஆறு மிஞ்சும். அந்த ஆறையும் மக்கள் பொறுமையாகப் படித்துப் பதில் சொல்வார்கள்.

மாணவர்களே, உங்களில் பலர் ஓரிரு ஆண்டில் இந்த வேலைக்குப் போகப் போகிறீர்கள். உங்கள் மேலாளர் வெள்ளிக்கிழமைக்குள் சர்வே வேண்டும் என்பார். புதன்கிழமை ஒரு நாளைக் கேட்டு வாங்குங்கள். தாளை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்கு வெளியே போய், உங்களைத் தெரியாத ஐந்து பேரிடம் காட்டி, ஒவ்வொரு கேள்விக்கும் அவர்கள் என்ன நினைத்துப் பதில் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். அந்த ஐந்து பேரில் ஒருவராவது செயலியைத் தாமே இயக்கத் தெரியாதவராக இருக்கட்டும். வியாழக்கிழமை தாளைத் திருத்தி எழுதுங்கள். வெள்ளிக்கிழமை அனுப்புங்கள்.